சேலம் சபையின் செல்லாத ஓட்டுகள்

மலர்க்கொடியின் மகள் சுகிர்தா சேலத்தில் நர்ஸாக இருக்கிறாள் என்றுதான் அல்லிக்குட்டையில் பாதிப் பேர் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். மலர்க்கொடி அப்படிச் சொன்னதே இல்லை. "எம் பொண்ணு லண்டன் பக்கம் கீது, அங்க சேலம் சர்ச்சுக்குப் போய்க்கினு கீது" என்று அவள் சொன்னதில், கேட்டவர்கள் காதில் லண்டன் நிற்கவில்லை, சேலம் மட்டும் நின்றுவிட்டது. முன்னாள் ஊராட்சித் தலைவர் சின்னராசு நடவுக்கு ஆள் பேச வந்தபோது குறைபட்டே கொண்டார்.

"இன்னாம்மா மலர்க்கொடி, பொங்கலுக்குக்கூட வர்ல உம் பொண்ணு. காலைல சேலத்துல பஸ் ஏறுனா பொழுதோட காஞ்சிபுரம் வந்துரலாமே."

சுகிர்தா இருந்தது வேல்ஸ் நாட்டில். இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கு ஊர். ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டிய ஊர், சுரங்கத்தை மூடி வெகுகாலமாகிறது. செங்கல்பட்டில் நர்சிங் படித்த பெண் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாவிட்டால் மேட்டுத் தெருவில் இருக்கும் சிற்றாலயத்துக்குப் போவாள். அதன் பெயர்தான் சேலம். பைபிளில் வருகிற சேலம். அதே தெருவில் எபனேசர், பெத்தேல், சோவார் என்று வரிசையாக ஆலயங்கள் இருந்தனவாம். எபனேசரில் இப்போது தரைவிரிப்பு விற்கிறார்கள். பெத்தேலைத் தடுப்புச் சுவர் வைத்து வீடு வீடாக வாடகைக்கு விட்டாகிவிட்டது. சோவாரின் கூரைக்குள் மரம் முளைத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறது.

"ஒரே தெருவுல அத்தினி கோயில் இன்னாத்துக்கு?" என்று மலர்க்கொடி ஒருநாள் போனில் கேட்டாள்.

"சண்ட போட்டுக்கினு பிரிஞ்சு பிரிஞ்சு கட்டிக்கினாங்கமா. ஆர்கன் பொட்டி வைக்கணும்னு கொஞ்சம் பேரு, கூடாதுன்னு கொஞ்சம் பேரு. கூடாதுன்னவங்க எபனேசர்லேர்ந்து வெளிய வந்து எதுருலயே சேலத்தக் கட்டுனாங்க. இப்ப சேலத்துலயும் ஆர்கன் கீது, வாசிக்கத்தான் ஆளு இல்ல."

மலர்க்கொடிக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. அல்லிக்குட்டை காலனியிலேயே, கோயில் ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்ற பேச்சில் நாலு குடும்பங்கள் பிரிந்துபோய்த் தகர ஷெட் போட்டுத் தனியாக ஜெபித்துக்கொண்டிருந்தன.

சேலத்தில் மிச்சம் இருந்தவர்கள் ஆறு கிழங்கள். சுகிர்தாவைச் சேர்த்தால் ஏழு. ஆயிரம் பேர் உட்காரலாம், மாடியிலும் பெஞ்சு உண்டு. அந்தப் பெரிய கூடத்தில் ஆறு கிழங்களும் ஆளுக்கொரு மூலையில் உட்காருவார்கள். ஏனென்றால் அவரவர் குடும்பம் மூன்று தலைமுறையாக உட்கார்ந்த பெஞ்சு அது.

இதெல்லாம் மலர்க்கொடிக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் ஒவ்வொரு ஞாயிறும் தன் கண்ணாலேயே பார்த்தாள். கொரோனா காலத்தில் ஆலயத்தை மூடியபோது ஆராதனையை போனில் காட்டும் வழக்கம் அங்கே வந்தது. திறந்த பிறகும் அது நிற்கவில்லை. சுகிர்தா தன் போனைப் பக்கத்துப் பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிடுவாள். அங்கே காலை, இங்கே பொழுது சாய்கிற நேரம். மலர்க்கொடிக்குப் பிரசங்கம் முக்கியமில்லை. பெண் இளைத்திருக்கிறாளா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாளா என்று பார்ப்பாள். மலர்க்கொடியின் புருஷன் சாமுவேல், உத்திரமேரூர் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். பிறகு போன் போதவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் செல்போன் கடை வைத்திருக்கும் வசந்த்குமார், அதைக் கோயில் டிவியில் இணைத்துக் கொடுத்தான். அதற்கப்புறம் ஞாயிறு சாயந்திரம் காலனியே பாய் விரித்துக் கோயிலுக்குள் உட்கார்ந்துவிட்டது.

பிரசங்கத்தை மொழிபெயர்ப்பது உபதேசியார் பீட்டரின் வேலை. போதகர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்பதால் காலனிக் கோயிலின் மற்ற எல்லாப் பொறுப்பும் பீட்டருடையது. "இப்ப நல்ல சமாரியனப் பத்திப் பேசறாரு" என்பார். "இப்ப கெட்ட குமாரன் திரும்பி வந்துட்டான்" என்பார். மாதக்கணக்கில் இது நடந்தது. ஒருநாள் சுகிர்தா போனில், "இன்னிக்குப் பூராவும் வேல்ஸ் பாஷையிலயே நடத்திட்டாங்க, மாசத்துல ரெண்டு வாரம் அப்பிடித்தான், எனக்கே ஒரு வார்த்த புரியறதில்ல" என்றாள். கோயிலில் எல்லோரும் பீட்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆவியில புரிஞ்சிது" என்றார் பீட்டர்.

புரியாத பாஷையாக இருந்தாலும் பாட்டு நன்றாக இருந்தது. ஆறு கிழங்களும் நாலு குரலாகப் பிரிந்து பாடுவார்கள், ஒன்று மேலே போகும், ஒன்று கீழே இருந்து தாங்கும். காலனிப் பெண்கள் வார்த்தை தெரியாமலே கூடப் பாடினார்கள். சத்தத்தை மூடும் பொத்தானை வசந்த்குமார் ஒருநாள் மறந்துவிட்டான். அல்லிக்குட்டையின் முழுக் குரலும் அந்த வெற்று ஆலயத்தில் போய் விழுந்தது. ஆறு பேரும் பாட்டை நிறுத்திவிட்டு மாடிப் பெஞ்சுகளை அண்ணாந்து பார்த்தார்கள்.

அந்த நாளிலிருந்துதான் க்வென் அம்மாவுக்கு அந்த யோசனை வந்தது.

க்வென், சேலத்தின் மூத்த அங்கத்தினர். எண்பதைத் தாண்டியவள், குட்டையாக, சிவப்புத் தொப்பியோடு இருப்பாள். சுகிர்தாவின் வாயில் எப்போதும் அவள் பேச்சுதான். க்வென் அம்மா சூப் வைத்துக் கொடுத்தார்கள், க்வென் அம்மா ஸ்வெட்டர் பின்னினார்கள், க்வென் அம்மா குளிருக்குக் காலில் தேய்க்க என்னவோ கொடுத்தார்கள். மலர்க்கொடிக்கு அந்தச் சிவப்புத் தொப்பியைக் கண்டாலே வாய்க்குள் ஏதோ கசந்தது. பெற்றவள் இங்கே இருக்க, அங்கே என்ன இன்னொரு அம்மா.

சேலத்தின் பொருளாளர் எம்லின் என்ற கிழவர். நெட்டையானவர், முழங்கால் கெட்டுப்போனவர். கூரை ஒழுகுகிறது, சுவர் ஊறுகிறது, ஆலயத்தை விற்றுவிடலாம் என்று அவர் சொன்னார். வாங்க ஆளும் தயாராக இருந்தது. சுவரில் ஏறிப் பழகுகிற ஜிம் ஒன்று வைக்க ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். க்வென் முடியாது என்றாள். தன் தாத்தா சுரங்கக் கூலியில் பிடித்துக் கட்டிய சுவரில் எவனும் கால் வைத்து ஏறக்கூடாது என்றாள். ஆறு பேரில் மூன்று பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம். சுகிர்தா எந்தப் பக்கமும் சொல்லவில்லை.

இந்த நிலையில் க்வென் சபையின் விதிகளைப் புரட்டினாள். ஒரு வருஷம் ஒழுங்காக ஆராதனையில் கலந்துகொண்டு, போதகர் கை கொடுத்துச் சேர்த்துக்கொண்டவர்கள் எல்லோரும் அங்கத்தினர்கள். போனில் கலந்துகொண்டாலும் செல்லும் என்று கொரோனாவின்போது ஒரு விதி சேர்த்திருந்தார்கள். கெட்டுப்போன முழங்காலோடு மேடு ஏற முடியாமல் எம்லினே எழுதிச் சேர்த்த விதி அது.

"அதனால, உங்க எல்லாரையும் சேலம் சபையில மெம்பரா சேத்துக்கறேன்னு சொல்றாங்கமா" என்றாள் சுகிர்தா.

கை கொடுக்கும் நாள் வந்தது. அங்கே போதகர் ஒரு இளைஞர், எட்டுப் பத்து ஆலயங்களுக்கு அவர் ஒருவர்தான். நம்ம போதகரய்யா மாதிரியே என்று காலனியில் உடனே பிடித்துப்போயிற்று. அவர் கேமராவுக்கு நேராக உள்ளங்கையை வைத்தார். இங்கே ஒவ்வொருவராக வரிசையில் வந்து டிவியில் அந்தக் கையின் மேல் கை வைத்தார்கள். தலை வாரிவிட்டு வந்த கை எல்லாம் தேங்காய் எண்ணெய். பத்து ஆளுக்கு ஒருமுறை வசந்த்குமார் துணியால் திரையைத் துடைத்தான். போதகருக்குக் கை கடுத்துப்போய் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டார். சின்னராசு மாட்டுக்குத் தவிடு வாங்கப் போகிற வழியில் கோயில் கேட்டருகே வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இன்னா வரிசை இது? அரிசி போடறாங்களா?"

"சேலம் சபையில மெம்பரா சேர்றோம் தலைவரே" என்றார் பீட்டர். "ஓட்டு வருது."

ஓட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் சின்னராசு வண்டியை அணைத்தார். மூன்று முறை தலைவராக இருந்தவர், கடைசி முறை தோற்றவர். எங்கே தேர்தல் என்றாலும், பால் சொசைட்டித் தேர்தலானாலும், அவருக்கு உடம்பு முறுக்கேறிவிடும்.

தன் விதியே தன் மேல் வந்து விழுந்ததை எம்லின் புரிந்துகொள்ள இரண்டு நாளானது. மூன்றாம் நாள் மலர்க்கொடியின் போனுக்குச் செய்தி வந்தது. போன் மொழிபெயர்த்துக் கொடுத்த தமிழ் அது.

"அன்பான பூங்கொடியே, நான் எம்லின், பொருளாளர். கூரை அழுகிறது. நானும் அழுகிறேன். வாளிகள் போதுமானவை அல்ல. தயவு செய்து விற்பனைக்கு நில்லுங்கள்."

சாமுவேல் வாங்கிப் படித்தான். "பாவம், அழுகிப் போறாராம். ஆஸ்பத்திரிக்குப் போச் சொல்லு."

"அழுவுறாருய்யா. கண்ணுல தண்ணி வுடறாரு."

கூடவே ஒரு படம் வந்திருந்தது. பிரசங்க மேடை, ஆர்கன், மாடிப்படி எங்கும் வாளிகள், எல்லாவற்றிலும் தண்ணீர். மலர்க்கொடி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். காலனிக் கோயில் ஓடு ஒழுகிய காலத்தில் அவள்தான் குண்டான் வைத்துத் தண்ணீர் பிடித்தவள். உடனே பதில் பேசி அனுப்பினாள்: "ஐயா, எங்க கோயில்லயும் இதே பேஜார்தான். மழ வந்தா ஒரே பேஜாரு."

அரை மணி கழித்துப் பதில் வந்தது. "பூங்கொடியே, உங்கள் ஆலயத்தில் பேஜர் இருப்பது அறிந்து மகிழ்ந்தேன். எங்கள் நாட்டில் அந்தக் கருவி வழக்கொழிந்துவிட்டது. எண்ணைத் தரவும்."

மலர்க்கொடி வாளிக் கட்சியில் சேர்ந்தாள். கசப்பும் அதில் கொஞ்சம் இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சிவப்புத் தொப்பி வேண்டும் என்பதை இவள் வேண்டாம் என்பாள், அவ்வளவுதான்.

க்வென் சும்மா இருக்கவில்லை. ஊருக்கு விடுமுறையில் வந்த இன்னொரு நர்ஸ் வழியாகப் பெட்டி நிறைய பிஸ்கட் அனுப்பினாள். தட்டையாக, உள்ளே திராட்சை வைத்து, மேலே சர்க்கரை தூவியிருந்தது. காலனி முழுக்க ஒருநாள் நாஷ்டாவே அதுதான். சாமுவேல் டீயில் தோய்த்துத் தின்றுவிட்டு, "சொந்த கைல சுட்டுக் குடுத்துக்கீது, வயசான பொம்பள. நான் க்வென் அம்மாவுக்குத்தான்" என்றான்.

"பிஸ்கட்டுக்கு ஓட்டு வித்துட்டியா?"

"நீ வாளிக்கு வித்த."

அன்று ராத்திரி அந்த வீட்டில் ரசம் மட்டும்தான்.

விஷயம் இங்கே வந்தவுடன் ஊர் இரண்டானது. வசந்த்குமார் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னம் ஒதுக்கினான். எம்லினுக்கு வாளி, க்வென்னுக்கு பிஸ்கட். கோயில் சுவரில் சாக்பீஸால் படம் வரைந்தார்கள். தகர ஷெட்டுக்காரர்கள், நாங்களும் மூன்று ஞாயிறு வெளியே நின்று பார்த்தோம், எங்களுக்கும் ஓட்டு உண்டா என்று கேட்டு வந்தார்கள். சின்னராசு தினமும் சாயந்திரம் கேட்டருகே நின்று இரண்டு கட்சிக்கும் ஆலோசனை சொன்னார். எந்தத் தெருவை யார் பேச்சுக்கு விடுவது, எந்த வீட்டில் கடைசியாகப் போய்க் கேட்பது என்றெல்லாம். தேர்தலுக்கு முந்தின நாளல்லாமல் அவர் காலனிக் கோயில் வாசற்படி மிதித்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த முறை தினமும் வந்தார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் முதலில் நின்றார், மூன்றாம் நாள் பாயில் உட்கார்ந்தார், ஐந்தாம் நாள் மலர்க்கொடி கொடுத்த டீயை டம்ளரில் வாங்கிக் குடித்தார்.

"நான் ஒரு ஓட்டுப் போட முடியாதா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒரு வருசம் ஆராதனைக்கு வந்துக்கணும் தலைவரே" என்றார் பீட்டர்.

"கேட்டாண்டை நின்னு பாத்தேனே."

தேர்தலுக்கு முந்தின நாள் மலர்க்கொடி மகளிடம் பேசினாள். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், எதற்கோ ஆரம்பித்து எதையோ பேசுகிற மாதிரி, "அந்தம்மா உன்ன நல்லாப் பாத்துக்குதா?" என்றாள்.

"நைட் ஷிப்ட் முடிஞ்சு நான் மேடு ஏறி வர்ற வரைக்கும் அவங்க ஜன்னல்ல லைட்டு எரியும்மா. நான் எங்கதவ சாத்துன சத்தம் கேட்டப்புறம்தான் அணைப்பாங்க. நான் சொல்லி செய்யறதில்ல. ஒருநாளு கேட்டேன், தூக்கம் வர்லன்னு சொன்னாங்க."

மலர்க்கொடி போனை வைத்துவிட்டு அடுப்பங்கரையில் வெறுமனே நின்றாள். கசப்பு போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஞாயிறு சாயந்திரம் கோயில் நிரம்பி வெளியிலும் ஆட்கள். டிவியில் ஆறு பேரும் கோட்டுப் போட்டு ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்து காலனி பார்த்ததில்லை. அவர்களுக்குப் பின்னால் வாளியில் சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழும் சத்தம் இங்கே வரை கேட்டது.

கையைத் தூக்குங்கள் போதும் என்றார் அங்கத்திய போதகர். பீட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. கையைத் தூக்கினால் நாளைக்கு ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போக முடியாது. "எங்க உத்திரமேரூரு குடத்துல ஓல போட்டு ஆளத் தேர்ந்தெடுத்த ஊரு. கல்லுலயே வெட்டி வச்சிக்கீது. எங்களுக்குத் தேர்தல் நடத்தத் தெரியாதா?" என்றார். சுகிர்தா அதை இங்கிலீஷில் சொல்ல, அங்கே ஆறு பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

பித்தளைக் குடம் ஒன்றைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தார்கள். வாளி போட்ட சீட்டு ஒரு பக்கம், பிஸ்கட் போட்ட சீட்டு ஒரு பக்கம். ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போய், சீட்டை மடித்துக் குடத்தில் போட வேண்டும். திரை என்பது மலர்க்கொடியின் கல்யாணப் புடவை. முதலில் சாமுவேல் போனான். பிறகு மலர்க்கொடி. திரைக்குள் அவள் வெகுநேரம் நின்றதில் வெளியே பெண்கள் முணுமுணுத்தார்கள்.

எல்லாம் முடிந்து குடத்தைக் கவிழ்த்து எண்ணினார்கள். வசந்த்குமார் எண்ணினான். பீட்டர் எண்ணினார். மறுபடி வசந்த்குமார் எண்ணினான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா?" என்றாள் மலர்க்கொடி.

"ஓட்டுப் போட்டவங்களவிட ஓட்டு சாஸ்தி கீது" என்றான் வசந்த்குமார்.

டிவியில் எம்லின் முன்னால் குனிந்தார். சுகிர்தா அவருக்குச் சொன்னதும் அவருடைய முகம் மலர்ந்தது, க்வென்னுடைய முகம் தொப்பிக்குள் சுருங்கியது.

கடைசியில் பாயிலிருந்து சின்னராசு எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"நான் ரெண்டு போட்டேன்" என்றார். "ஒண்ணு வாளிக்கு, ஒண்ணு பிஸ்கட்டுக்கு. யாரு மனசும் நோவக்கூடாது பாரு."

"நீங்க ரெண்டுதான் தலைவரே. இங்க அதுக்கு மேல கீது."

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வசந்த்குமார் படுக்கையில் இருக்கும் தன் அம்மாவுக்காக ஒன்று போட்டிருந்தான். பீட்டர், வர முடியாத போதகர் சார்பில் ஒன்று போட்டிருந்தார். தகர ஷெட்டுக்காரர்கள் திரைக்குள் எப்படிப் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் போயிருந்தார்கள். சுகிர்தா ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள். வேல்ஸில் ஒரு கிழவி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் அழுகிறாளோ என்று மலர்க்கொடி பயந்தாள், பிறகு தோள் குலுங்குவதைப் பார்த்துச் சிரிப்பு என்று தெரிந்துகொண்டாள்.

அங்கத்திய போதகர் தொண்டையைச் செருமினார். அல்லிக்குட்டை ஓட்டு முழுவதும் செல்லாது என்றார். மன்னிக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். இனி சேலத்தில் நேரில் இருப்பவர்கள் கையைத் தூக்கட்டும்.

மூன்று கைகள் க்வென்னுக்கு. மூன்று கைகள் எம்லினுக்கு. அப்புறம் எல்லோரும், ஆறு கிழங்களும் போதகரும் அல்லிக்குட்டையும், சுகிர்தாவைப் பார்த்தார்கள்.

சுகிர்தா எழுந்து நின்றாள். முதலில் க்வென்னைப் பார்த்து இங்கிலீஷில் பேசினாள். பிறகு கேமரா பக்கம் திரும்பி, "உங்களுக்கும் சொல்றேன்" என்று தமிழில் சொன்னாள்.

"போன மாசம் க்வென் அம்மா அந்தப் படிக்கட்டுல ஈரத்துல வழுக்கி வுழுந்தாங்க. நான்தான் தூக்குனேன். யாருகிட்டயும் சொல்லாதேன்னாங்க, நானும் சொல்லல. ஞாயித்துக்கெயம வந்தா நாங்க ஜெபம் பண்றதவிட வாளி தூக்கி ஊத்தறதுதான் சாஸ்தி. இந்த ஆறு பேரும் ஆறு வாளிய தூக்கி ஒருநாளு ஒட்டுக்கா வுழப் போறாங்க. எனக்குக் கட்டடம் வேணா. இவங்க வேணும். நான் விக்கறதுக்குத்தான்."

கையைத் தூக்கினாள். அது அவள் ஆலயத்தில் தூக்குகிற கை மாதிரி இல்லை. மூட்டைக்குக் கீழே தோள் கொடுக்கிற சாமுவேல் கை மாதிரி இருந்தது. மலர்க்கொடி தன் மகளை அப்படிப் பார்த்ததில்லை. தன்னிடம் கேட்காமல், யாரிடமும் கேட்காமல் எடுத்த முடிவு.

க்வென் எழுந்தாள். சிவப்புத் தொப்பியைச் சரிசெய்தாள். சுகிர்தா பக்கம் பார்க்காமல் நடந்து வெளியே போனாள். யாரோ டிவியை அணைத்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் சாமுவேலும் மலர்க்கொடியும் சேர்ந்தே நடந்தார்கள். ஏரிக்கரை மேல் காற்று வீசிக்கொண்டிருந்தது.

"நீ இன்னா போட்ட?" என்றான் சாமுவேல்.

"சொல்ல மாட்டேன்."

"நான் வாளிக்குப் போட்டேன்" என்றான். "பிஸ்கட்டு நல்லாத்தான் இருந்துது. ஆனா அந்தாளு முட்டிய புடிச்சிக்கினு எழுந்திரிக்கறத பாத்தேன். எனக்கும் அப்பிடித்தான் வலிக்குது."

மலர்க்கொடி நின்றுவிட்டாள். "நான் பிஸ்கட்டுக்குப் போட்டேன்யா."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். சாமுவேல் முதலில் சிரித்தான். பிறகு அவளும் சிரித்தாள், கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற அளவுக்குச் சிரித்தாள்.

அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் சுகிர்தா போன் மட்டும் பேசினாள், ஆராதனை இல்லை. க்வென் அம்மா பேசவில்லை என்றாள். கடையில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்களாம். ஜன்னல் விளக்கு? அது எரிகிறது என்றாள் சுகிர்தா, முன்னைவிட வெளிச்சமாகவே.

"பேசாம இருந்தா இன்னா, லைட்டு எரிஞ்சா சரி" என்றாள் மலர்க்கொடி. அது தானே சொன்ன வார்த்தையா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

ஆலயத்தை விற்கும் பத்திரம் முடிந்த வாரம் க்வென் எல்லோர் வீட்டுக்கும் சொல்லி அனுப்பினாள். இந்த ஞாயிறு ஆராதனை என் வீட்டு முன்னறையில். யாரோ கேட்டு அவள் ஒத்துக்கொண்ட மாதிரி இல்லை. ஆரம்பத்திலிருந்தே அது அவளுடைய திட்டம் மாதிரிச் சொல்லி அனுப்பினாள். அல்லிக்குட்டைக்கும் அழைப்பு வந்தது. ஓட்டு செல்லாவிட்டாலும் அங்கத்தினர்கள் அங்கத்தினர்கள்தானே.

டிவியில் இந்த முறை பெரிய கூடம் இல்லை. பூப்போட்ட திரை, கணப்படுப்பு, அதன் மேல் யாரோ ஒரு இளைஞன் சுரங்கத் தொப்பியோடு நிற்கும் பழைய படம். ஒரு கொழுத்த பூனை நாற்காலி ஒன்றைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் விடவில்லை. அந்தச் சின்ன அறையில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மூன்று தலைமுறையாக மூலைக்கு ஒருவராக உட்கார்ந்தவர்கள், இப்போது ஒருவர் பாட்டுப் புத்தகத்தை இன்னொருவர் பார்த்துப் பாடுகிற நெருக்கம். பீட்டர் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

முதல் பாட்டு முடிந்தபோது கதவு தட்டப்பட்டது. சுகிர்தா போய்த் திறந்தாள். போன் கதவுக்கு நேராக இருந்ததால் அல்லிக்குட்டைக்கு எல்லாம் தெரிந்தது. வாசலில் எம்லின். வெளியே மழை. உட்கார இடம் இருக்காது என்று தன் வீட்டிலிருந்தே ஒரு மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்த முழங்காலோடு மேடு ஏறி வந்திருந்தார். தண்ணீர் தொப்பியிலிருந்து சொட்டியது. உள்ளே வரவில்லை. க்வென் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். க்வென் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவரும் அசையவில்லை. பூனைகூட.

மலர்க்கொடியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பாயிலிருந்து முட்டி போட்டு எழுந்து டிவிக்குக் கிட்டே போனாள்.

"சுகிர்தா, க்வென் அம்மாகிட்ட நான் சொல்றேன்னு சொல்லு. மழையில நிக்க வச்சிக்கினுகீறாங்களே, அந்தாளு முட்டி இன்னாத்துக்காவும்? உள்ள கூப்புட சொல்லு. நாற்காலிய வேற தூக்கிக்கினு வந்துக்கீறாரு."

சுகிர்தா தயங்கிவிட்டு மொழிபெயர்த்தாள். க்வென் தலை நிமிர்ந்தாள். முதல்முறையாக எம்லினையோ சுகிர்தாவையோ பார்க்காமல் நேராகப் போனைப் பார்த்தாள், மலர்க்கொடியை. இரண்டு பெண்களும் கொஞ்சநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு க்வென் கதவுப் பக்கம் திரும்பி என்னவோ சொன்னாள், நீளமாக, வெடுக்கென்று.

"இன்னா சொன்னாங்க?" என்று அல்லிக்குட்டையே கேட்டது.

"செருப்ப கயட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றாள் சுகிர்தா. "கம்பளம் புதுசாம். எபனேசர்ல வாங்குனதாம்."

எம்லின் நாற்காலியை வாசலில் இறக்கி வைத்தார். அதன் மேலேயே உட்கார்ந்து, மெதுவாக, ஒரு முழங்காலை நீட்டி, ஷூ கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அவர் இரண்டாவது ஷூவைக் கழற்றி முடிக்கிற வரை க்வென் அடுத்த பாட்டைத் தொடங்காமல் காத்திருந்தாள்.